பார்க்காமல் படித்தவள்

அந்தப் பாடத்தில் ஓர் அணில் வரும். கொய்யா மரத்தில் ஏறி ஒரு பழத்தைக் கடித்துப் பார்க்கும். பக்கத்தைத் திருப்பினால் கிளி வந்து, எனக்கும் ஒன்று கொடு என்று கேட்கும். இன்னொரு தாளைத் திருப்பினால் இரண்டும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.

பவித்ரா எழுந்து நின்று இதைப் படித்தாள். கணீரென்ற குரல். கிளி பேசும் இடத்தில் குரல் கீச்சென்று மாறியது. அணில் பேசும் இடத்தில் கொஞ்சம் கெஞ்சல் வந்தது. படிக்கும்போதே தலையை அசைத்ததில் பின்னலில் இருந்த கனகாம்பரம் ஒன்று கழன்று புத்தகத்தின் மேல் விழுந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த வகுப்புக்கு நான் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. முன்பிருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டதால் நடு வருஷத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் புத்தகத்தில் இரண்டு தாள்கள் கடலை மிட்டாய்ப் பாகில் ஒட்டிப் போயிருந்தன. அணில் ஏறிய பக்கத்தைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து திரும்பி, நேராகக் கிணற்று மேடு வந்துவிட்டது. கிளி வந்து கேட்கும் பக்கம் உள்ளே மாட்டிக்கொண்டது.

பவித்ரா நிறுத்தவில்லை. விரல் "கிணற்று மேட்டில்" என்ற வரியின் கீழ் ஊர்ந்துகொண்டிருக்க, வாய் "அணிலே அணிலே, எனக்கும் ஒரு பழம் தருவாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. வரி முடிந்துவிட்டது. விரல் தாளின் ஓரத்தில் போய் நின்றது. கிளி இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

வகுப்பு கை தட்டியது. பவித்ரா படித்தால் கை தட்ட வேண்டும் என்பது அங்கே பழக்கம்.

பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி என்று மாறிய சமயம் அது. கடைக்காரர்கள் பெயர்ப் பலகைகளை மாற்றுவதா, பெயின்ட் செலவை மிச்சம் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் உழவர்கரைப் பக்கம். கீழே காரைக் கட்டடம், மாடியில் தகரக் கூரை. இரண்டாம் வகுப்பு அந்தத் தகரத்துக்குக் கீழே. மழை பெய்தால் பாடமே கேட்காது. அடுத்த அறையில் பாடத்தை விட்டுவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள்.

என் வாயைப் படித்தாள்

மத்தியானம் சாப்பிட்ட பிறகு பவித்ராவைத் தனியாகக் கூப்பிட்டேன். கரும்பலகையில் "கிளி" என்று மட்டும் எழுதி, இது என்ன என்று கேட்டேன்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அதிலும் என் வாயைப் பார்த்தாள். எனக்கே தெரியாமல் உதடு "கி" என்று பிரிந்திருக்க வேண்டும். உடனே, கிளி மிஸ், என்றாள்.

கர்ச்சீப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டு "மயில்" என்று எழுதினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அணில் மிஸ், என்றாள். அடுத்து, கொய்யா மிஸ். அடுத்து, நான் சொல்லிக் கொடுக்காததை எழுதிவிட்டேன் என்று என் மேல் குறை.

எழுத்துகள் தெரியுமா என்று கேட்டால் தெரியும். "க, ங, ச, ஞ" என்று ஆரம்பித்து மூச்சு வாங்காமல் "ன" வரை போனாள். உயிர்மெய் வரிசையும் அப்படியே, ராகம் போட்டு. நடுவில் ஒரு "தி"யைத் தொட்டுக் காட்டி இது என்ன என்றால், முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அங்கே நிற்கப் பார்த்தாள். அதிலும் ராகம் ஒரு பக்கம் போனது, விரல் ஒரு பக்கம் போனது.

கோபப்படாமல்தான் கேட்டேன். புத்தகத்தைப் பார்க்காமலேயே படிக்கிறாயே, ஏன்?

அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான மிஸ் படிக்கிறாங்க?" என்றாள்.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருந்தாள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்டதைத் திரும்பச் சொல்வது. அப்படித்தான் அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அப்படிச் செய்ததற்கு முதல் வகுப்பு ஆண்டு விழாவில் "சிறந்த வாசிப்பு" என்று ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்திருந்தார்கள்.

கருவடிக்குப்பத்து மேதை

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வீணை வாசிக்கத் தெரியாதவர் யாரும் வீணை எப்படிக் கற்பது என்று பிரசங்கம் செய்வதில்லை. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒவ்வொருவரும், குழந்தைக்குப் படிப்பு எப்படி வருகிறது என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்புகிறார். அதை என்னிடம் சொல்லாமல் விட்டவர்கள் குறைவு.

கருவடிக்குப்பத்தில் என் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள். அவள் பையனுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. பையன் எல்லாம் படிக்கிறான் என்று போன் செய்துகொண்டே இருந்தாள். நேரில் வந்து பார்க்கச் சொன்னாள். போனேன்.

அக்கா பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினாள். பையன் அதன் பெயரைச் சொன்னான். சோப்பு உறையைக் காட்டினாள், சொன்னான். தெருமுனையில் போன பஸ்ஸைக் காட்டினாள். அது எந்த ஊர் பஸ் என்று சொன்னான். தெருவே அவனை மேதை என்று ஒப்புக்கொண்டிருந்தது.

நான் ஒரு வெள்ளைக் காகிதம் வாங்கி, அதே பிஸ்கட் பெயரைப் பேனாவால் எழுதி அவனிடம் நீட்டினேன். அதை வாங்கி மடித்து ராக்கெட் செய்யச் சொன்னான். நியாயமான பதில். அவன் வண்ணத்தைப் படித்தான், வடிவத்தைப் படித்தான், பஸ்ஸின் மூஞ்சியைப் படித்தான். மூன்று வயதுக்கு அது நல்ல புத்திசாலித்தனம். ஆனால் அது எழுத்தைப் படிப்பது ஆகாது.

இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். அக்கா அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்பவில்லை.

அடுத்து வீட்டுக்காரர். அப்போது ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மெசியே, பிரெஞ்சில் ஐயா. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு மாடிப்படிக்குக் கீழே நின்று, நான் இறங்கும்போது பிடித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மருந்துதான். "திக்தே குடும்மா. தெனம் ஒரு பக்கம் திக்தே. ரெண்டு மாசத்துல படிப்பு தன்னால வந்துரும்." திக்தே என்றால் டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவது. படிக்கத் தெரியாத பிள்ளை எப்படி மெசியே எழுதும் என்றால், எழுத எழுதத் தெரியும் என்பார்.

சிறுவனாக இருந்தபோது அவரும் பிரெஞ்சுப் பாடத்தை முழுசாக மனப்பாடம் செய்தவர்தானாம். பனி கொட்டுவதைப் பற்றி ஒரு பாடம். பனி என்றால் மார்கழியில் புல்லில் நிற்பது என்று நினைத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறார். பல வருஷம் கழித்து, பிரான்சில் ஒரு ரயில் நிலையத்தில் நிஜப் பனி தோளில் விழுந்தபோதுதான் அந்தப் பாடம் புரிந்ததாம். இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "அதான் படிப்பு" என்று முடிப்பார். எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியாது.

கண்ணாடி, லேகியம், இங்கிலீஷ்

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். நல்லவர்தான். பள்ளிக்கூடத்தைத் தன் வீடு மாதிரி பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

பவித்ரா இந்தப் பள்ளியின் மிக நன்றாக வாசிக்கிற பெண், வந்த ஒரு வாரத்தில் நான் அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்திருப்பது ஆச்சரியம் என்றார். ஒட்டிய தாளைப் பற்றிச் சொன்னேன். மனப்பாடம் செய்தால் என்ன தப்பு, திரும்பத் திரும்பச் சொன்னால் எழுத்து தானாகக் கண்ணில் பதிந்துவிடும் என்றார். பேச்சு எப்படி வந்தது, யாராவது இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்களா, கேட்டுக் கேட்டுத்தானே வந்தது, படிப்பும் அப்படித்தான் என்றார்.

பேச்சு அப்படித்தான் வரும். எந்தத் தெருவில் பிறந்தாலும், யாரும் பாடம் எடுக்காமலே வரும். எழுத்து யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு. யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒழியப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது. சிலருக்குத் தானாக வருகிற மாதிரி தெரியும். அவர்களைக் காட்டித்தான் மற்றவர்களை அடிக்கிறோம். இதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

பவித்ராவின் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தேன். செல்வராசு என்று பெயர். மில்லில் வேலை போன பிறகு பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஆள் ஏற்றும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையோடு வந்து, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அதனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாளே மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். செல்வராசுவுக்கு அதில் ஏமாற்றம். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றால் எவ்வளவு நிம்மதி. அடுத்த வாரம் பவித்ரா வாயில் லேகிய வாசனையோடு வந்தாள். மூளைக்காம். அதற்கடுத்த வாரம் செல்வராசுவின் தங்கை வந்து, தமிழ் வராவிட்டால் போகட்டும், இங்கிலீஷை மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுங்கள், வேலைக்கு அதுதான் உதவும் என்று கேட்டுக்கொண்டாள். இங்கிலீஷ் புத்தகத்தையும் பவித்ரா இதே மாதிரிதான் படிக்கிறாள் என்று சொன்னேன். அப்படியானால் குழந்தைக்கு மந்தம்தான் என்று அங்கேயே, பவித்ராவின் காதுபடவே முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு புத்தகங்களை, படம் போட்ட பக்கம் எது என்பது உட்பட, காதால் கேட்டே மனசில் ஏற்றி வைத்திருக்கிறாள். அப்பாவின் டெம்போ நிற்கும் இடங்களைப் போகும்போது ஒரு வரிசையிலும் வரும்போது தலைகீழாகவும் சொல்வாள். அந்த மூளைக்கு மந்தமாம்.

படத்தில் முதலில் வருவது

சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஆரம்பித்தேன். எனக்கு ஒன்றும் பெரிய பயிற்சி கிடையாது. டீச்சர் டிரெயினிங்கில் எழுத்துகளை எப்படி அழகாகப் பலகையில் எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எழுத்து குழந்தையின் தலைக்குள் எப்படிப் போகிறது என்று யாரும் பேசியதாக நினைவில்லை. தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எழுத்துக்கு முன்னால் சத்தம் என்று தோன்றியது. பவித்ராவை உட்கார வைத்து, படம்-னு சொல்றோம்ல, அதுல முதல்ல என்ன வரும், என்று கேட்டேன்.

"பேரு போடுவாங்க மிஸ்," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னது சரி. ஒரு சொல்லைச் சொன்னால் அவளுக்கு அந்தப் பொருள் தெரிகிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு சத்தம், அதற்குள் சின்னச் சின்ன சத்தங்கள் இருக்கின்றன என்பதே தெரியாது. அது தெரியாதவளுக்கு, இந்தக் கோடு இந்தச் சத்தம் என்று எத்தனை தடவை சொன்னால்தான் என்ன?

பல நாள் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. சொற்களை உடைத்தோம். ப-ட-ம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளினாள். முதல் கொட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் சொல் மாறும். படம், மடம், தடம். "வடம்" வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளாகவே செய்ததால்.

அதற்குப் பிறகு கொட்டைகளின் இடத்தில் எழுத்தை வைத்தேன். ப, ட, ம, ர. நாலே எழுத்தை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் எழுத முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். "கெ" வந்தபோது நாங்கள் இருவருமே நின்றுவிட்டோம். கொம்பு முன்னால் நிற்கிறது. சத்தம் பின்னால் வருகிறது. ஏன் மிஸ் அப்படி என்றாள். "பகல்" என்பதை எழுத்துக்கு எழுத்து அழுத்தி "பக்கல்" என்று படித்துவிட்டு, அப்படி ஒரு வார்த்தை கிடையாது என்றாள். ராத்திரி இல்லாதப்ப என்ன, என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "பகலு" என்றாள், யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி.

அந்த முகத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன்.

இதற்குள் மற்றப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்திருந்தேன். பின் பெஞ்சில் பலர் பவித்ரா மாதிரிதான். அவளளவு ஞாபகசக்தி இல்லாததால் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஒவ்வொருவராகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தகரத்துக்குக் கீழே வெயில், சாம்பார் சாத வாசனை, புளியங்கொட்டைச் சத்தம். தலைமை ஆசிரியை ஒரு நாள் எட்டிப் பார்த்து, படிக்கிற வகுப்பில் பல்லாங்குழி ஆடுவது முறையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆண்டு விழா

பொங்கல் கழித்து ஆண்டு விழா வந்தது. வாசிப்புக்குப் பவித்ரா என்று தலைமை ஆசிரியை என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார். அணில் பாடம். நான் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பாடம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவமானம் வராது, சொல்லிவிட்டு இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேடை பள்ளிக்கூட வாசலிலேயே. ஷாமியானா, ஒலிபெருக்கி, முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்வராசு டெம்போவை ஓரமாக நிறுத்திவிட்டு, தெருக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். போன வருஷம் மகள் படித்ததைக் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

பவித்ரா பட்டுப் பாவாடையில் மைக் முன்னால் வந்து நின்றாள். புத்தகத்தைத் திறந்தாள். விரலை வைத்தாள். பிறகு பேச்சில்லை.

மறந்துவிட்டாளோ என்று மேடைப் பக்கம் நகர்ந்தேன். அவள் மறக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அ... ணி... ல்," என்றாள். "அணில். கொ... ய்... கொய்யா... ம... ர... த்... தில்..."

ஒலிபெருக்கி ஒவ்வொன்றையும் தெரு முழுக்கக் கொண்டுபோனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா, பாவம் பயந்துபோச்சு குழந்தை, என்றார். பவித்ராவுக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வியர்த்துக்கொட்டிக்கொண்டு அந்த அணிலை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கிளி வருவதற்குள் தலைமை ஆசிரியை மேடை ஏறி, பலமாகக் கை தட்டி, மைக்கைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த நிகழ்ச்சி கோலாட்டம்.

மேடைக்குப் பின்னால் போய் அவளைப் பிடித்தேன். அந்தப் பாடம்தான் மனப்பாடமாகத் தெரியுமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எழுத்தப் பார்த்தா அதத்தான் மிஸ் வாய் சொல்லுது. பார்த்துட்டுப் படிக்காம இருக்க முடியல."

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. ஷாமியானாவுக்கு அந்தப் பக்கம் செல்வராசு எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள்

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தலைமை ஆசிரியையும் செல்வராசுவும் சேர்ந்து வகுப்புக்கு வந்தார்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள். பவித்ரா மட்டும் கடைசி பெஞ்சில் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

செல்வராசு மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். டி.சி. வேண்டும். போன வருஷம் தண்ணி மாதிரி படித்த பெண் இந்த வருஷம் திக்குகிறாள், தெருவில் தலை காட்ட முடியவில்லை என்றார். சத்தம் போடவில்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது. "நல்லா இருந்த புள்ளைய என்னா பண்ணீங்க மிஸ்?"

தலைமை ஆசிரியை, நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்தார்.

போன வருஷம் படித்தது படிப்பு இல்லை, இப்போது படிப்பதுதான் படிப்பு என்று சொன்னேன். நடக்கப் பழகும் குழந்தை விழுந்து எழுந்துதான் நடக்கும், இடுப்பில் இருந்த குழந்தை வேகமாகப் போன மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான் என்று சொன்னேன். இன்னும் சில மாதம் போனால் வேகம் வரும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. இதே விஷயத்தை ஆகஸ்டு மாதத்திலிருந்து யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்; ஒருவர் மனசிலும் ஏறவில்லை.

பேசுவதை நிறுத்திவிட்டு சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே எதாவது எழுதுங்க. எந்தப் புத்தகத்துலயும் இல்லாததா எழுதுங்க. அவ படிக்கலைன்னா நானே டி.சி. வாங்கித் தரேன்."

அவர் வாங்கத் தயங்கினார். பலகையிடம் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு அங்கிருந்து போனால் போதும் என்றிருந்திருக்க வேண்டும். பெரிய பெரிய எழுத்தில், சாக்பீஸ் கிறீச்சிட, தான் பேசுகிற மாதிரியே எழுதினார்.

"வூட்டுக்கு போலாம் வா."

பவித்ராவைக் கூப்பிட்டேன். சிலேட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், என் வாய் அவளுக்குத் தெரியாதபடி.

"வூ..." என்றாள். கீழே ரோட்டில் ஒரு ஹாரன் அடித்து ஓய்ந்தது. "வூ... ட்... டு... க்கு. போ... லா... ம்." மறுபடி நிறுத்தினாள். "வா."

பிறகு உதட்டுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பது கேட்டது. இப்போது இழுவை இல்லை. ஒரே மூச்சில், அப்பா வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியே வந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் பலகையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிலேட்டைப் பையில் போட்டாள். டிபன் பாக்ஸைப் போட்டாள். பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

செல்வராசு சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அது வீட்டுக்கு-ன்னு வரணும்," என்றார் தலைமை ஆசிரியை. "ஒற்றும் விட்டுப்போச்சு." அழிப்பானை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தவும் செய்தார். பிறகு, டி.சி.யை நாளைக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

செல்வராசு சாக்பீஸை மேஜையில் வைத்தார். கையைக் காக்கிப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, காலையில் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். இத்தனை மாதமாகத் தினமும் கொண்டுவந்து விடுகிறவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகிலிருந்து பவித்ரா பொறுமையில்லாமல் கூப்பிட்டாள்.

"நீதானப்பா எழுதின, போலாம்னு? வா."